மெல்லிசுக் குழாயே போதும் என்றவள்

மெல்லிசுக் குழாயே போதும் என்று சொன்னவள் நான்தான். அதை இன்றைக்கு யாராவது நினைவுபடுத்தினாலும் சண்டைக்குப் போவேன். ஆனால் நடந்தது நடந்ததுதானே, சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்தில் பத்துக் குடும்பங்கள் இருந்தோம். நாலு வாரம் மழை இல்லையென்றால் எங்கள் தொட்டிக்கு வரும் ஓடை நூலாகிவிடும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நிற்பதற்கு முன்னால் குடத்தோடு சரிவில் இறங்கி ஏற வேண்டும். அந்த வருடம் துரை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆழமாகத் துளை போட்டுப் பார்ப்பது, தண்ணீர் வராவிட்டால் மேல் லயத்தைப் பூட்டிவிட்டு எல்லாரையும் கீழ் லயத்துக்கு இறக்கிவிடுவது.

கீழ் லயத்தில் எனக்கென்று கணக்கெழுதும் கிராணி குறித்து வைத்திருந்த வீடு என் மாமியாருக்கு அடுத்த கதவு. கல்யாணமாகி மூன்று வருடம் அவரோடு ஒரே அடுப்பில் சமைத்து, புருஷனை நச்சரித்து நச்சரித்து மேலே வீடு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். திரும்பவும் அங்கேயா?

துளை போடுகிறவர் ஈப்போவிலிருந்து வந்தார், நம்மவர்தான். லோரி பாதி மலைவரைதான் ஏறும். மிஷினை ஆண்கள் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். குழாய்களைத் தூக்குவது பெண்கள் வேலை என்று முடிவாயிற்று. ஒவ்வொன்றும் இரண்டு ஆள் நீளம். ஒன்றின் வாயில் இன்னொன்றைத் திருகிப் பூட்டி, சுழற்றிச் சுழற்றி பூமிக்குள் இறக்குவார்களாம். லோரியில் இரண்டு வகை கிடந்தன.

"மண்ணுன்னா மெல்லிசு போதும். பாறை இருந்தா தடிச்சதுதான் தாங்கும். மேல எப்படி?" என்று கேட்டார்.

கொழுந்துக் கூடை தோளில் ஏறியதுமே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிறவர்கள் நாங்கள். குழாயையும் அப்படித்தான் பார்த்தோம். மெல்லிசை ஒருத்தியே தூக்கிவிடலாம். தடிச்சதற்கு இரண்டு பேர் வேண்டும். எங்கள் தோள் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"பாறையா? சௌசௌ பந்தலுக்கு நானே எட்டுக் குழி தோண்டியிருக்கேன்ணே, ஒரு கல்லு கிடையாது. மெல்லிசே போதும்லா!" என்றேன்.

அந்தக் குழிகள் முழங்கால் ஆழம் என்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மிஷின் உறுமத் தொடங்கியதும் லயமே திருவிழாக் கோலம். குழாய் சரசரவென்று இறங்கியது, செம்மண் குழம்பாக வெளியே வழிந்தது. நான் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன். ஆறாவது குழாயில் எஞ்சின் முக்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். மேலே எடுத்தபோது கடைசிக் குழாய் முறுக்கு மாதிரி திருகிப்போய், மரையோடு அறுந்திருந்தது. மீதி பூமிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"பாறைதான்," என்றார் அவர். "வேற இடத்துல தடிச்சதப் போட்டுப் பாக்கலாம். ஆனா செவ்வாக்கெழம லோரி வந்துடும், நான் அடுத்த வேலைக்கு லெம்பா பெர்த்தாம் போவணும்."

ஒரு வாய் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. கோலா தெர்லாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் மட்டும், "சௌசௌக் குழி அக்கா வர்றாங்க," என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளில், லோரி இறக்கிவிட்டுப் போயிருந்த தடித்த குழாய்களைத் தூக்கக் கிளம்பினோம். பத்துப் பேரில் ஒருத்தி நிறைமாதம். ஒன்பது பேர் நாலு ஜோடியாகச் சேர்ந்ததும் மிச்சம் நின்றவள் நான். வேண்டுமென்றேதான் விட்டார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கீழ் லயத்திலிருந்து என் மாமியார் ஏறி வந்தார். தலைத்துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டார்.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற? பின்னால புடி," என்றார்.

அங்கேயும் முன்பக்கம் அவருக்குத்தான். மூன்று நடை நடந்தோம். வெறுங்கையோடு இறங்கும்போதுகூட அவர் முணுமுணுக்கவில்லை, குறை சொல்லாமல் இருப்பது அவர் வழக்கமே இல்லை.

திங்கட்கிழமை கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். கை செடியில், காது மேலே. எஞ்சின் முக்கும்போதெல்லாம் கொழுந்தை விட்டுவிட்டு மேலே பார்த்தேன். பாறையில் கடகடவென்று அரைக்கும் சத்தம், ஆனால் அறுபடவில்லை, போய்க்கொண்டே இருந்தது. பொழுது சாயும் முன் எஞ்சின் சட்டென்று நின்றது. அவ்வளவுதான், மாமியார் வீட்டுக் கதவு கண்ணுக்குள் வந்துவிட்டது.

பிறகு மேலிருந்து ஒரு கூச்சல். "தண்ணீ! தண்ணீ வந்துருச்சு!"

கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினோம். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பின்னால் கத்தினார், யார் கேட்டது? குழாய் வாயிலிருந்து சேறும் தண்ணீருமாகக் கொட்டிக்கொண்டிருந்தது, ஐஸ் மாதிரி குளிர்ந்தது. நான் அழுதேன், சிரித்தேன், துளை போட்டவரின் கையைப் பிடித்துக் குலுக்கினேன், அவர் வெட்கப்பட்டுப்போனார்.

மாமியார் மூச்சு வாங்க வந்து முகத்தைக் கழுவினார்.

"நல்லவேள," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "இவ பக்கத்து வீட்டுக்கு வந்திருந்தா நான்லா ஓடியிருக்கணும். அதுக்குத்தான் தூக்கினேன்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் பதிலுக்கு ஒன்று தயாராக வைத்திருந்தேன். அப்போதுதான் அவர் குனிந்ததில் ரவிக்கை விலகியது. வலது தோள் முழுக்கக் கன்றிக் கருநீலமாக இருந்தது. குழாய் இரண்டு பேர் தோளில்தான் இருந்தது, என் தோளில் ஒரு கீறல்கூட இல்லை. சரிவில் ஏறும்போது பாரத்தை முழுக்க அவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார்.

என் தலைத்துண்டை அந்தத் தண்ணீரில் நனைத்து அவர் தோளில் வைத்தேன்.

"சில்லுனு இருக்குடி," என்றார். கையைத் தட்டிவிடவில்லை.