வார்சினி கழுவிய எலும்பு

டாக்டர் கினந்தி சுராபாயாவை விட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை, மாதத்தின் நாலாம் தேதி. காலையிலிருந்து மழை விடவில்லை. குபெங் ஸ்டேஷனில் ஜெம்பர் ரயிலுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நடைமேடையில் இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு தோள்பை, சொட்டிக்கொண்டிருந்த குடை. வழியனுப்ப வந்தது ஒரே ஆள்தான்: பல் மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தின் உதவியாளர் வார்சினி. வயதில் மூத்தவள் என்பதால் டாக்டரே அவளை 'இபு', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவாள்.

"இபு, மூஞ்சிய இப்படி வெச்சுக்காதீங்க. நான் என்ன செத்தா போறேன்? எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"செத்தது செல்லுதானே டாக்டர். நீங்க எதுக்குப் பொட்டி கட்டணும்?"

"நாலு தடவை செத்துதே. அதுக்குத்தான்."

அந்த நாலு சாவும் வார்சினிக்குத் தெரிந்த கதை. பல்லைப் பிடுங்கினால் அதன் அடியில் இருக்கும் தாடையெலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து பள்ளமாகிவிடும். பள்ளத்தை நிரப்பாமல் அங்கே புதுப்பல் நட முடியாது. நிரப்புகிற எலும்புத்தூள் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு சிட்டிகை வாங்குவதற்குள் சாமானியனுக்கு மூச்சு வாங்கிவிடும். நம் ஊர் மாட்டெலும்பிலேயே அதைச் செய்யலாம் என்று கினந்தி கிளம்பினாள். தொடையெலும்பின் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிற பகுதியை எடுத்து, சுத்தம் செய்து, கொழுப்பை நீக்கி, சூடுபடுத்தாமல் உறையவைத்து உலர்த்தி, ரவை பதத்துக்குப் பொடித்தாள். முதலில் தானே உட்கார்ந்து கத்தியால் சுரண்டிச் செய்த ஒரு கைப்பிடி, சோதனையில் அருமையாகத் தேறியது. அதை நம்பி அண்டா அளவில் செய்தார்கள். அந்தத் தூள் நாலு தடவையும் தோற்றது. தூளை ஊறவைத்த சத்துநீரை மனித செல்கள் மேல் ஊற்றினால், மறுநாள் தட்டில் செல்லே இல்லை. 'நச்சுத்தன்மை உடையது' என்று நாலு அறிக்கை.

"மாசக் கடைசி வரைக்கும் இன்குபேட்டர் நம்ம பேர்ல இருக்கு. அப்புறம் வேற குழுவுக்குப் போயிடும்" என்று, செல் வளர்க்கும் அந்த வெதுவெதுப்பான பெட்டியின் சாவியை நீட்டினாள் கினந்தி. "அதுவரைக்கும் செல்லுக்குச் சாப்பாடு மட்டும் போடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

ரயில் போனபிறகும் வார்சினி சாவியைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கப்போகும்போதுதான் உள்ளங்கையில் பல் பல்லாகத் தடம் விழுந்திருந்ததைப் பார்த்தாள்.

பத்தொன்பது வயதில் கண்ணாடிப் பாட்டில் கழுவ வந்தவள் அவள். இப்போது நாற்பத்தாறு. பாட்டில் கழுவிக்கொண்டே செல் வளர்ப்பதைக் கண்ணால் படித்தாள். பிறகு கையால் படித்தாள். இப்போது அந்தக் கூடத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள்கூட, தட்டில் பூசணம் பிடித்தால் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் செல்களுக்குப் புதுச் சத்துநீர் மாற்ற வேண்டும். நோன்புப் பெருநாள் அன்றுகூடத் தொழுகை முடிந்து புதுத்துணியோடு வந்து மாற்றிவிட்டுத்தான் மாமியார் வீட்டுக்குப் போவாள். ஆய்வுக்கூடத் தலைவர் பாக் ஹர்தோயோ, அதாவது ஹர்தோயோ ஐயா, அவளைக் கிண்டல் செய்வது இப்படி: "இபு வார்சினிக்கு வீட்ல மூணு பிள்ளை, இங்க மூணு கோடி. இங்க இருக்கறதுதான் செல்லப்பிள்ளைங்க."

செல்லப்பிள்ளைகள் செத்த விதம் அவளுக்குச் சரியாகப் படவில்லை. நஞ்சில் செத்த செல்லை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். சுருங்கி, கருத்து, பொடிப்பொடியாகக் கிடக்கும். இந்தத் தட்டுகளில் குப்பைகூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மிச்சமிருந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்தாள். சாப்பாடு மட்டும் போடச் சொன்ன டாக்டர் ஜெம்பரில் இருக்கிறாள், கேட்க ஆளில்லை. சோதனையைப் பழையபடியே செய்தாள், ஒரே ஒரு மாற்றத்தோடு. மறுநாள் தட்டிலிருந்து உறிஞ்சி எடுத்த நீரைக் கொட்டவில்லை. அதில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தாள்.

ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக மின்னிக்கொண்டு ஆயிரக்கணக்கில் மிதந்தன.

நீலச் சாயம் ஒரு துளி விட்டாள். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். இவை குடிக்கவில்லை. வார்சினி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அந்த நீரைச் சுழற்றிச் செல்களைப் பிரித்து, புதுத் தட்டில், புதுச் சத்துநீரில் போட்டு இன்குபேட்டருக்குள் வைத்தாள். சனிக்கிழமை காலையில் பார்த்தால், அத்தனையும் தட்டில் ஒட்டிக்கொண்டு, கைகாலை நீட்டிப் படுத்திருக்கின்றன.

"அடப்பாவிகளா," என்றாள் தட்டைப் பார்த்து. "சாகவே இல்லையாடா நீங்க? பிடிய விட்டுட்டு மிதந்துக்கிட்டா இருந்தீங்க?"

பிடியை விட வைப்பது எது என்பது அவளுக்குத் தெரியும். செல்லை ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, அவளே வாரம் இரண்டு தடவை ஒரு நொதியை ஊற்றுகிறாள். அது செல்லைத் தட்டோடு பிடித்துவைக்கும் புரதத்தை அரித்துவிடும். செல் உருண்டு மிதக்கும், ஆனால் சாகாது. இந்த எலும்புத்தூளில் அப்படியொரு நொதியை யார் ஊற்றினார்கள்?

பதில் அன்று மத்தியானம் கணவன் சமிரானின் கடையில் கிடைத்தது. அவன் மாட்டுக்கால் குழம்பு விற்கிறவன். மறுநாள் சமையலுக்கான கால்களைக் கசக்கிய பப்பாளி இலையில் பொதிந்துகொண்டிருந்தான். இலைச்சாறு இறங்கினால் தசைநாரும் சவ்வும் இளகிவிடும். கத்தியே வேண்டாம், விரலால் வழித்தால் எலும்பு பளிச்சென்று வரும். அந்தத் தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சமாச்சாரம்.

வார்சினி கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"என்ன சினி, உப்பு ஜாஸ்தியா?"

"நான்தான்," என்றாள்.

"என்ன நீதான்?"

"இறைச்சிக்கூடத்துலேருந்து ஒரு மூட்டை எலும்பு வந்துது. அவ்வளவையும் கத்தியால சுரண்டி மாளுமா? ராத்திரி பூரா பப்பாளி இலைல சுத்தி வெச்சேன். சூடு காட்டாத எலும்பு, அந்தச் சாறு உள்ளயே தங்கிடுச்சு. காலைல எவ்வளவு சுத்தமா வந்துதுன்னு டாக்டர்கூடப் பாராட்டினாங்க. எப்படின்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல. பாத்திரம் கழுவினா சாம்பல் போட்டேன்னு எழுதியா வெப்போம்?"

சமிரான் சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "வாய மூடிக்கோ. இலை இல்லாம இன்னொரு தடவை செஞ்சுடு. நல்லா வந்துடும். யாருக்குத் தெரியப்போவுது?"

அவளும் வீடு போகிற வழியெல்லாம் அதைத்தான் நினைத்தாள். ஆனால் நாலு அறிக்கை விஷம் என்று சொல்லும்போது, ஐந்தாவது ஒன்று அமிர்தம் என்றால் எவன் நம்புவான்? ஏன் தோற்றது என்று சொன்னால்தான் ஏன் ஜெயித்தது என்பது நிற்கும். திங்கட்கிழமை காலையில் பாக் ஹர்தோயோவின் அறைக் கதவைத் தட்டினாள்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து செய்முறைப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் தள்ளினார்.

"இந்தப் பப்பாளி இலை எத்தனாம் பக்கத்துல இருக்கு, இபு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல, பாக்."

"ஆராய்ச்சி பண்றீங்களா, குழம்பு வெக்கறீங்களா? நாலு மாசம்! ஒரு டாக்டர் ஊரவிட்டே போயிட்டாங்க. எல்லாம் ஒரு இலையால."

"இலை என்ன பண்ணும் பாக்? சுத்தினது நான். திட்டறதுன்னா என்னத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க வார்த்தைய நான் நம்பறேன். இன்குபேட்டரை யாருக்குக் குடுக்கறதுன்னு முடிவு பண்ற குழு நம்பாது. கண்ணால பாக்கற மாதிரி காட்டுங்க. முப்பதாம் தேதி வரைக்கும் டைம்."

இருபது நாள். எலும்பு தயாராகவே பன்னிரண்டு நாள் பிடிக்கும். மறுநாள் அவளே பெகிரியான் இறைச்சிக்கூடத்துக்குப் போய், ஒரே மாட்டின் இரண்டு தொடையெலும்பைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஒன்றை இலையில் பொதிந்தாள். மற்றதைக் கத்தியால் சுரண்டினாள். மணிக்கட்டு வீங்கிப் போய், மூன்றாம் நாள் குழம்புக் கரண்டியைத் தூக்க முடியவில்லை. சமிரான் முனகிக்கொண்டே தைலம் தேய்த்தான். "மாட்டுக்காலுக்கு இலை சுத்தறேன், பொண்டாட்டி கைக்குத் துணி சுத்தறேன். என் பொழப்பு இப்படியே போவுது." இந்தத் தடவை ஒவ்வொரு அடியையும் எழுதிவைத்தாள்: எந்த மரத்து இலை, எத்தனை மணி நேரம், எத்தனை தடவை அலசியது, எல்லாம்.

தட்டில் இருபத்துநாலு குழி, நாலு வரிசை. முதல் வரிசைக்கு வெறும் சத்துநீர். இரண்டாவதற்கு இலையில் பொதிந்த எலும்பு. மூன்றாவதற்குக் கத்தியால் சுரண்டியது. நாலாவதற்கு எலும்பே இல்லாமல் பப்பாளிச் சாறு மட்டும், ஒரு துளியில் நூறில் ஒரு பங்கு. மறுநாள் நீரை எடுத்துவிட்டு மஞ்சள் சாயத்தை ஊற்ற வேண்டும். உயிரோடு ஒட்டியிருக்கிற செல் மஞ்சளை ஊதாவாக மாற்றும்.

சாயம் ஊற்றிய நாலு மணி நேரம், பாக் ஹர்தோயோ ஏதேதோ சாக்கில் ஆறு தடவை அந்தப் பக்கம் வந்துபோனார். ஆறாவது தடவை வெட்கத்தை விட்டுவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"திறங்க இபு. எனக்கு வயசாவுது."

திறந்தாள். முதல் வரிசை ஊதா. இரண்டாவது வெளிறிய மஞ்சள். நாலாவதும் மஞ்சள். மூன்றாவது வரிசையின் ஆறு குழியும் கத்தரிக்காய்த் தோல் மாதிரி கருகருவென்று ஊதா.

கருவி எண்ணைக் காட்டியது. முதல் வரிசையை நூறு என்று வைத்தால், மூன்றாவது தொண்ணூற்றேழு. எழுபதைத் தாண்டினால் தேர்ச்சி.

"இன்னொரு தடவை," என்றார் பாக் ஹர்தோயோ.

இன்னொரு தடவையும் செய்தாள். தொண்ணூற்றெட்டு. இருபத்தொன்பதாம் தேதி குழு கூடியபோது, இலை வரிசையில் மிதந்த செல்லை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொருவருக்கும் அவளே காட்டினாள். யாரோ ஒருவர், "இது யாரோட யோசனை?" என்று கேட்டார். பாக் ஹர்தோயோ முந்திக்கொண்டு, "தப்பும் இவங்களுது, கண்டுபிடிப்பும் இவங்களுது. ரெண்டும் அறிக்கைல இவங்க பேர்லயே இருக்கும்," என்றார். இன்குபேட்டர் எங்கேயும் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஜெம்பருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், தொண்ணூத்தெட்டு."

"என்ன தொண்ணூத்தெட்டு? காய்ச்சலா?"

"நம்ம எலும்பு."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுகிற ஓசையும், "அம்மா, என் பொட்டி எங்க?" என்ற கத்தலும் கேட்டன. வார்சினி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலிக் கூடத்தில் ஒற்றை ஆளாகச் சிரித்தாள்.

அதன்பின் சோதனைக்கு முயல்கள், அனுமதிகள், கையெழுத்துகள், பிறகு மனிதர்கள். செய்முறைப் புத்தகத்தின் எலும்பு சுத்தம் செய்யும் பக்கத்தில், 'எந்த இலையும் கூடாது' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி நிலையாக ஏறிவிட்டது. புதிதாக வருகிற மாணவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். வார்சினி விளக்கம் சொல்லமாட்டாள். கத்தியை எடுத்துக் கையில் கொடுப்பாள்.

ஐந்து வருஷம் கழித்து, ஒருநாள் மத்தியானம் செல்லுக்குச் சத்துநீர் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். சொந்த ஊர் ஜெம்பரின் மருத்துவமனையில் இந்த எலும்பை வைத்துப் பல் நட்டுக்கொண்டிருந்த டாக்டர் கினந்தி ஓர் எக்ஸ்ரே படம் அனுப்பியிருந்தாள். கீழ்த்தாடையில், பள்ளம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, மேடாக, நடுவில் ஒரு புதுப்பல் நிமிர்ந்து நின்றது. கீழே எழுதியிருந்தது:

"புகையிலைக் கிடங்குல வேலை பாக்கற அம்மா. எலும்பு வெச்சு ஏழாவது மாசம். எது மாட்டெலும்பு, எது அவங்க எலும்புன்னு எனக்கே பிரிக்கத் தெரியல. நேத்து சோளக்கதிரைக் கடிச்சே தின்னாங்களாம். யார் செஞ்ச எலும்புன்னு கேட்டாங்க, உங்க பேரைச் சொன்னேன். நன்றி சொல்ல ஒரு கூடை காய் அனுப்பியிருக்காங்க இபு. எல்லாம் பப்பாளி."