அடிப்பலகை காயாத வாரம்

அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. "இனிமே மெதுவா வேலைக்குப் போகலாம்" என்று சிதம்பரத்து டாக்டர் சொன்னதும், கிள்ளைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நான் திட்டம் போட்டுவிட்டேன். எங்கள் பழைய மரப்படகின் அடிப்பலகையைச் சுரண்டி நானே பெயின்ட் அடிப்பது. அப்பா அதில் ஏறி உப்பங்கழியில் மறுபடி வலை போடுவது. இஞ்சினியரிங் படிப்பை முடித்து வேலைக்கு ஆர்டர் வரும்வரை வீட்டில் இருந்தவள் நான். ராத்திரிக்குள் பெயின்ட் அடிக்கும் வீடியோக்கள் பதினேழு பார்த்துவிட்டேன்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, நாலு ஆளோடு வந்து படகை வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துக் கொடுத்தார்.

"மச்சான், இஞ்சினியர் அம்மா பெயின்ட் அடிக்கிறாங்க. இனிமே நம்ம படகு தண்ணியில போவாது, ஏர்போர்ட்லதான் எறங்கும்."

நாற்காலியில் இருந்த அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தது அந்தப் படகில்தான், தனியாக, நடுத்தண்ணீரில். யாரோ பார்த்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் அப்போது சுரண்டும் அவசரத்தில் இருந்தேன்.

ஒட்டியிருந்த சிப்பிகளைப் பெயர்த்து எடுக்கவே இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை பிரைமர் அடித்தேன். மத்தியானத்துக்குள் அப்பளம் மாதிரி அங்கங்கே உப்பிவிட்டது. சுரண்டிவிட்டு மறுநாள் அடித்தேன். மறுபடி உப்பல்.

"மாசி மாசம்டி, பனி ஜாஸ்தி" என்றாள் அம்மா.

நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, திருப்பாதிரிப்புலியூரில் வாங்கின கடைக்கே போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஈரப் பலகையில நானே வந்து அடிச்சாலும் நிக்காதும்மா. மொதல்ல காய வுடு" என்றார்.

ஆறு நாள் அடிக்காமல் காயவிட்டேன். ஏழாம் நாள் தொட்டுப் பார்த்தால் பலகை இடுக்கெல்லாம் சில்லென்று ஈரம். எந்தப் பனி இவ்வளவு ஆழத்துக்கு இறங்கும்?

மறுநாள் விடியும்போதே எழுந்து பின்பக்கம் போனேன். அம்மா கையில் பக்கெட். செடிக்கு ஊற்றுவதுபோல, நிதானமாக, ஒரு இடுக்கு விடாமல் படகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"காஞ்சாத்தானே நீ அடிப்ப? அடிச்சாத்தானே அவரு போவாரு?"

"டாக்டரே போலாம்னு சொல்லிட்டாரேம்மா."

"டாக்டரா அன்னைக்குக் கரையில நின்னாரு? நான்தான் நின்னேன். படகு வருது, யாரோ ஓட்டிக்கிட்டு வர்றாங்க. அவரு உள்ள கெடக்குறாரு."

அவள் கையிலிருந்து பக்கெட்டை வாங்கக்கூடத் தோன்றவில்லை. பதினேழு வீடியோ பார்த்தவள், அவள் முகத்தை ஒரு தடவை சரியாகப் பார்த்திருக்கலாம்.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

"காலையில நானும் ஜன்னல் வழியா பாக்குறேன்ல. ஊத்தட்டும், வுடு. நான் எங்கயும் ஓடிப்போவல."

"உங்களுக்குப் போவணும்னு இல்லையாப்பா?"

"இல்லாம என்னா?" ஜன்னல் வழியே படகைப் பார்த்தார். "அவளுக்கும் தைரியம் வரட்டும்."

அன்று சோறு போடும்போது அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "தனியா போவக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா இனிமே தண்ணி ஊத்தல."

அப்பா தட்டைப் பார்த்துத் தலையாட்டினார். கூட மாமா போவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

பலகை காய நல்ல வெயிலில் எட்டு நாள் பிடித்தது. பிரைமர் ஒட்டியது. அதன்மேல் இரண்டு கோட்டிங் நீலம்.

படகைத் தண்ணீரில் இறக்கிய காலை, அப்பா ஏறியதும் அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள். அடியில் ஊன்றித் தள்ளும் கழியை மாமா கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். என் வயதுக்கு அவள் படகு தள்ளி நான் பார்த்ததே இல்லை.

"சின்ன வயசுல எங்கக்காவை ஒருத்தன் முந்த முடியாது" என்றார் மாமா, வெறும் கையோடு.

இரண்டே ஊன்றலில் படகு கரையை விட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்தபடி போனார்.