வாத்துக் கட்டை

அல்சூர் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கைவேலை அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கைவேலை டீச்சருக்கு ஒரே ஒரு அலமாரிதான் மிஞ்சியது. இடம் பத்தாமல் அவர், பிள்ளைகள் மை தொட்டுப் படம் பதிக்கும் ரப்பர் முத்திரைகளை மரக்கட்டைகளிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். கட்டையை இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் காட்டி, பசை இளகியதும் ரப்பரை உரித்து, பவுடர் தடவி ஃபைலில் அடுக்குவார். உரிக்கும் முன் ஒவ்வொன்றையும் தன் இடது கையில் ஒருமுறை பதித்துக்கொள்வார். சாயங்காலம் முழங்கை வரை பூவும் குடையுமாக இருக்கும்.

ஒரு நாள் அவர் வகுப்புக்குப் போயிருந்தபோது, ஓரமாக இருந்த வாத்து முத்திரையை, விட்டுப்போனது என்று நினைத்து நானே உரித்தேன். கட்டைகளை ஆயா வழக்கம்போல வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டாள்.

திரும்பி வந்தவர் மேஜையைப் பார்த்தார். “வாத்துக் கட்டை எங்கம்மா?”

“அடுப்புக்குப் போயிடுச்சு மிஸ். ரப்பர் பத்திரமா இருக்கு.”

“கட்டைலதான் எம் பொண்ணு பல்லு பதிஞ்சிருந்துச்சு. பல்லு முளைக்கறப்ப கடிச்சது. நடக்கறதுக்குள்ள போயிட்டா.”

அவர் திட்டவில்லை. ரப்பரை என் உள்ளங்கையில் வைத்து, “நீயே வச்சுக்கோ” என்றார். அதற்குப் பிறகு அவர் கையில் எதையும் பதித்து நான் பார்க்கவில்லை.

அந்த ரப்பர் காகிதம் போல மெல்லியது. இத்தனை வருஷமாகியும் அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.