கைக்கொரு கேன் தண்ணீர்

ஊரடங்கில் ஜிம்மைப் பூட்டி இருபது நாளாயிற்று. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து அலுத்து, கடைசியில் இரண்டு கேன்களில் தண்ணீரை நிரப்பிக் கைக்கொன்றாகத் தூக்கினேன். உள்ளே தண்ணீர் களக்களக்கென்று ஆடியது.

எட்டு வயதில் இதே வீட்டில் கேட்ட சத்தம் அது. அப்போது திண்டுக்கல்லில் எங்கள் தெருக்குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வந்துவிட்டால் அம்மா நிற்கவே மாட்டாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம், ஓட்டமும் நடையும்தான். ஈரச் சேலை காலில் சப்சப்பென்று அடிக்கும். வீடெங்கும் குளோரின் வாசம். அண்டா, குண்டா, சோற்றுப்பானை வரை நிரம்பும்.

ஒருநாள் பயில்வான் மாதிரி ஒரு குடத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினேன். நழுவிவிட்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீர் அடுப்படியெல்லாம் ஓடியது. அம்மா அடிக்கக் கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. அதே கையால் காலிக் குடத்தை எடுத்தாள்.

"செத்த நேரம் இரு, வாரேன்."

உச்சி வெயிலில் மூன்று தெரு தாண்டிக் கிணற்றுக்கு நடந்தாள்.

இப்போது முட்டி தேய்ந்து நாற்காலியில் இருக்கிறாள். நான் முப்பது முறை தூக்கி இறக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"ஏன் அப்பு, இம்புட்டு நேரமாத் தூக்குற, எடுத்த எடத்துலயே வைக்கிற. யார் வீட்டுக்குக் கொண்டு போகணும் அத?"

முப்பத்தொன்றாவது முறைக்குக் கை எழவில்லை.