மழைக்கு மூடும் செதில்கள்

பிரேசர் டவுனில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு மேல், காற்றுப் போகும் சந்தில், உள்ளங்கை அகலத்தில் சில மரச் செதில்கள் வரிசையாக இருந்தன. அண்ணி செய்தவை. மோட்டார் கிடையாது, கயிறு கிடையாது. வெயில் நாளில் தாமே சுருண்டு திறந்துகொள்ளும். மழை வந்தால் நிமிர்ந்து மூடிக்கொள்ளும். வீட்டுக்கு வருகிறவர்கள் சுவிட்ச் எங்கே என்று சுவரைத் தேடுவார்கள்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள் அவை. ஊரே கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தது, என் அண்ணன் உட்பட. கட்டட வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த அண்ணியோ மரத்துக்கு எழுதினார். அடுகோடி பிளைவுட் கடையிலிருந்து வெனீர் என்ற காகிதம்போல மெல்லிய மரத்தாள் வாங்கிவந்து, முதுகில் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார். ஈரத்தில் மரம் விரியும், காய்ந்தால் சுருங்கும், பிளாஸ்டிக் இரண்டையும் செய்யாது; அந்த இழுபறியில் செதில் வளையும். எந்தக் காற்றில் ஒட்டுகிறோமோ அந்தக் காற்றில்தான் அது நேராக நிற்கும். "ஒட்டற நாள்தான்டி புரோகிராம்" என்பார் என்னிடம்.

வீட்டுச் செதில்களை அடைமழை வாரத்தில் ஒட்டினார். பிறகு ஒரு வெயில் நாள் காலை, அம்மா சோறு வடித்தாள். ஆவி எழும்பியதும் மழை வந்துவிட்டதென்று எண்ணி எல்லாம் மூடிக்கொண்டன. அது தெரியாமல் அம்மா மிளகாய் தாளிக்க, வீடே இருமியது.

"ஏம்மா, பொக போற நேரமாப் பார்த்துச் சாத்திக்குதே உன் பலக!"

அண்ணி ஸ்டூல் மேல் நின்று, கண்ணில் நீர் வழிய, "மூடிடுச்சு அத்தை! மூடிடுச்சு!" என்று கூத்தாடினார். எங்களுக்கு மூச்சு முட்டியது. அவருக்கு அது நல்ல சேதி. சமையலறைக்கு உதவாதது வகுப்பறைக்கு உதவும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். அம்மா அன்றிலிருந்து பின்கதவைத் திறந்துவைத்துத் தாளித்தாளே தவிர, செதில்களைக் கழற்றச் சொல்லவில்லை.

ஒக்கலிபுரத்தில் அண்ணியின் அலுவலகம் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் கட்டியது. கெஞ்சிக் கூத்தாடி, ஒரு வகுப்பறைக்கு மட்டும் செதில் வைக்க அனுமதி வாங்கினார். மழையில்லாத மாதம் என்பதால், எங்கள் குளியலறையில் வெந்நீர் ஆவியை அடைத்துவைத்து, வேர்க்க விறுவிறுக்க ஒட்டினார். முதல் மழைக்கு அவை மூடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆசை.

அதற்குள் அண்ணனுக்கு அமெரிக்க விசா வந்தது. இருவருடைய பயணமும் மழைக்கு முன்னால் அமைந்துவிட்டது. "மழை எங்க போவுது? அடுத்த வருஷம் வந்து பாரேன்" என்றான். நல்லவன்தான், ஆனால் அவனுக்கு அது மரத்துண்டு. எனக்கு அவன்மேல் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

முதல் மழையன்று நான் போய் வகுப்பறை வாசலில் நின்றேன். மூடுவது கண்ணுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் மூடியிருப்பதுதான் தெரியும். பிள்ளைகள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நனையாதவர்கள் ஏன் பார்க்கப் போகிறார்கள்? அண்ணி பார்க்க வேண்டியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் எடுத்த எடுப்பிலேயே, "மூடுச்சா?" என்றார்.

"எல்லாம் மூடுச்சு அண்ணி. ஒண்ணு மட்டும் லேசா கோணல்."

சிரித்தார். அப்புறம், "இங்கயும் ஒண்ணு கொண்டாந்து செவுத்துல மாட்டியிருக்கேன்டி. அசையவே மாட்டேங்குது. ஏசியும் ஹீட்டரும் போட்டு வீட்டுக்குள்ள வருஷம் பூரா ஒரே காத்து" என்றார்.

அண்ணனுக்கு லீவு கிடைப்பது டிசம்பரில்தான். வந்தபோதெல்லாம் இங்கே வெயில். வீட்டில் முதல் தூறல் கேட்டாலே எனக்கு இப்போதும் அண்ணியைத் தேடுகிறது. அவர் இல்லாத மழை பழகவே இல்லை. போன முறை நானும் அண்ணியும் அந்தப் பள்ளிக்குப் போனோம். செதில்கள் எல்லாம் அகலத் திறந்திருந்தன. அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பார்க்கலாமா அண்ணி? மூடிரும்."

அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார்.

"வேணாம்டி. மழைக்குத்தான் மூடணும்."