கடித்தது துணியல்ல

உள்ளாடை வியாபாரத்தில் எது பிழையாய்ப் போனாலும் பழி துணிக்குத்தான்; உப்புவெளியில் ஒரு பெண்பிள்ளை அப்படி என் துணியைக் குற்றம் சொல்லிச் சொல்லியே தன் நோயை வளர்த்துக்கொண்டது.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எனக்குக் கடை. பெண்களுக்கான உள்ளாடை. இதைக் கிழவன் விற்பதா என்று கேட்பவர்கள் வேறு கடைக்குப் போகலாம். கடை வைத்திருக்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

திரும்பி வந்த பை

அன்ரன் உப்புவெளியில் கடலுக்குப் போகிற பெடியன். மனைவி மெரீனாவுக்கு வயிற்றில் பிள்ளை. அவளுக்கென்று என்னிடம் வாங்கிய நைலோன் உள்ளாடைப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான். "துணி கடிக்குதாம் ஐயா, ஒரே அரிப்பாம்."

உடுத்த உள்ளாடையைத் திருப்பி எடுக்கிற கடை உலகத்தில் இல்லை. பையை அவன் கையிலேயே கொடுத்தேன். "நைலோன் வேண்டாம். பருத்தி கொண்டுபோ. இறுக்கமில்லாததாய்."

அவன் தாய் திரேசம்மா சந்தையில் மீன் விற்கிறவர். வாய் திறந்தால் துறைமுகத்தில் நிற்கிற கப்பலுக்கும் கேட்கும். வாசலில் நின்று அன்ரன் சொன்னான்: "அம்மாவைக் கண்டால் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

வாசனைச் சவர்க்காரம்

பருத்தியும் கடித்தது. மறுபடி வந்தான். இந்த முறை வாயைப் பிடுங்கினேன். வெள்ளை படுகிறதாம், தயிர் திரண்ட மாதிரி. மணமில்லை. கடியும் எரிவும். அவள் வாசனைச் சவர்க்காரம் போட்டுக் கழுவோ கழுவென்று கழுவுகிறாள்; எரிவு கூடுகிறது. பக்கத்து வீட்டுக்காரி தனக்கு மிஞ்சிய குளிசை மாத்திரை ஒன்றைக் கொடுத்திருக்கிறாள். விழுங்கலாமோ என்று கேட்டான்.

நான் துணி விற்கிறவன், டொக்டரோ? "ஒன்றையும் விழுங்க வேண்டாம். கிளினிக்கில் சொல்லச் சொல்லு" என்றேன்.

அங்கேதான் சிக்கல். கிளினிக்குக்குக் கூட்டிப் போவது திரேசம்மா. "வேற கரைச்சல் ஏதும் இருக்கோ?" என்று மருத்துவமாது கேட்கும்போதெல்லாம் மாமி பக்கத்துக் கதிரையில். மெரீனா இல்லையென்று தலையாட்டிவிடுவாள்.

"நீ கூட்டிப் போவன்" என்றேன்.

"அம்மா விடுவாவே? அவவுக்குத் தெரிஞ்சால் சந்தைக்கே தெரியும். பிள்ளைக்கு ஏதும் ஆகுமோ எண்டு இவள் கிடந்து அழுறாள் ஐயா."

வள்ளத்துக்குள் கிடந்தது

நான் திருப்பிக் கொடுத்த அந்த நைலோன் உள்ளாடையை, என் கடைப் பெயர் போட்ட பையோடு, மடையன் தன் மீன்பிடி வள்ளத்துக்குள் ஒளித்திருக்கிறான். திரேசம்மா கண்டுபிடித்துவிட்டார். மீன் மணத்தோடு என் கடைக்குள் வந்து மேசையில் கொட்டினார். "என்ர மகன் இதை ஆருக்கு வாங்கினவன்? ஆரவள்?"

கடையில் நின்ற பெண்கள் விலை கேட்பதை விட்டுவிட்டார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அன்ரனின் குடும்பம் இரண்டாகும். திறந்தால் மெரீனாவின் மானம் போகும். திறந்தேன்.

"உங்கட மருமகளுக்கு. அந்தப் பிள்ளைக்குக் கடி. உங்கட வாய்க்குப் பயத்தில ஒளிக்குதுகள்."

திரேசம்மா கதிரையில் உட்கார்ந்தார். கொட்டியதையெல்லாம் திரும்பப் பையில் போட்டார். பிறகு வாய் திறந்தது. "இதுக்கோ? அன்ரனைச் சுமக்கேக்க எனக்கும் தயிர் மாதிரித்தான் பட்டது. நானும் மாமிக்குப் பயந்து ஒளிச்சு, உப்புத்தண்ணியால கழுவிக் கழுவி வெந்தனான்!"

சந்தையில் கிளினிக்

அன்றைக்கே மருமகளைக் கூட்டிப் போனார். பூஞ்சணத் தொற்று என்றாராம் டொக்டர். பிள்ளைத்தாச்சிகளுக்கு அடிக்கடி வருவது, பிள்ளைக்குப் பயமில்லை. உள்ளே வைக்கிற மருந்து கொடுத்தார்; கடி நின்றாலும் முழுதாக முடிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குளிசை வயிற்றில் பிள்ளையோடு விழுங்கக் கூடாததாம். அது குப்பைக்குப் போனது. வாசனைச் சவர்க்காரமும் உள்ளே கழுவுவதும் நிறுத்தம். இரத்தத்தில் சீனியும் சோதித்தார்கள், அது சரியாக இருந்தது. கெட்ட மணம், இரத்தம், வயிற்றுக்குத்து, பன்னீர்க்குடத் தண்ணீர் போவது என்றால் உடனே ஓடிவரச் சொன்னார்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? சூடை மீன் வாங்கப் போனேன். திரேசம்மா மீன் வெட்டிக்கொண்டே, வயிற்றில் பிள்ளையோடு வந்த கிண்ணியாப் பெண் ஒருத்தியிடம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மெரீனா பக்கத்தில் நின்று முகத்தை மூடிச் சிரித்தாள். என்னைக் கண்டதும் திரேசம்மாவின் குரல் இன்னும் ஏறியது. "கடிச்சால் வீட்டில ஒளிக்காத பிள்ளை; ஒளிச்சியோ, இந்தக் கிழவன் துணி வித்தே உன்னை முடிச்சுப்போடுவான்!"

மருந்து டொக்டருடையது, பழி வழக்கம்போல என் துணிக்கு, ஆனால் மெரீனாவை நிம்மதியாகத் தூங்க வைத்தது எல்லாரும் பயந்த அதே வாய்தான்: திரேசம்மா.