அடுப்பு ஊதிய மூச்சு

"பீடி, சிகரெட் பழக்கம் உண்டா?" என்று சிதம்பரத்து டாக்டர் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"நான் எங்க சார் பீடியக் கண்டேன்? முந்திரிக்கொட்டை வறுத்தவ நானு" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை வருஷமாக என்று கேட்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்றேன். என்னை அங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தவள் என் மகள். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள், அப்போது முழுகாமல் இருந்தாள். தனக்கு மாத்திரை வாங்கப் போன இடத்தில் எனக்கும் சீட்டு போட்டுவிட்டிருந்தாள். டாக்டர் பேசப் பேச அவள் முகம் வாடிக்கொண்டே போனது.

காடாம்புலியூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு வறுவல் கொட்டகை இருந்தது. கொட்டையைச் சூட்டில் போட்டால் ஓட்டிலிருந்து எண்ணெய் கசிந்து பற்றிக்கொள்ளும். கருப்பாகப் புகை எழும்பிக் கண்ணையும் தொண்டையையும் அறுக்கும். உடைத்த ஓட்டையும் நாங்கள் விடுவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் போட்டு எரிப்போம், நன்றாக நின்று எரியும். கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கு அதுதான். அந்தத் தெருவில் இருமாத ஆள் கிடையாது. எல்லோரும் இருமினால் அதை யார் நோய் என்று நினைப்பார்கள்?

முதலில் பஸ்ஸுக்கு ஓடுவது நின்றது. அப்புறம் குடத்தைத் தூக்குவது. ஒரு நாள் தலைவாரக் கையை உயர்த்தினேன், பாதியிலேயே மூச்சு முட்டி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் பயந்தேன். கடலூரில் ஒரு டாக்டர் வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்தார். அதை தினமும் இழுத்தால் பழகிப்போய்விடும், பிறகு அது இல்லாமல் முடியாது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் உயிர் போகிறது என்கிறபோது மட்டும் எடுத்து இழுத்துவிட்டு, மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். வைத்தியம் பார்த்துக்கொண்ட லட்சணம் அது.

என் வீட்டுக்காரர் பயந்த சுபாவம். கொட்டகையை ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு கடலூருக்கே குடிவந்தார். அது நல்ல காரியம். அடுத்து அவர் செய்ததுதான் வினை. நான் நிற்கிற இடமெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். சமையல்கட்டில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று. வந்தவர்கள் வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்கள். சமைத்தார், துணி துவைத்தார், எனக்குச் செருப்புகூட எடுத்துப் போட்டார். "நீ ஒக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்பதுதான் நாள் முழுக்க அவர் வாயில்.

நானும் உட்கார்ந்தேன். உட்கார உட்காரக் கால் குச்சியாகிவிட்டது. சோறு இறங்கவில்லை. சாதாரண சளி பிடித்தால்கூட ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கவேண்டி வந்தது. கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்தினேன். போனால் "பாவம், எப்படி இருந்தவங்க" என்பார்கள். எனக்கு அந்தப் பாவம் என்கிற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலையில்தான் மகள் உண்டானாள். எங்களில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு போட்டு அழைத்துவந்து, பிள்ளை பெற்று, பச்சை உடம்பு தேறும்வரை வைத்திருந்து அனுப்பவேண்டும். எங்களைப் பார்க்கக் கடலூர் வந்த சம்பந்தியம்மா, நான் ஒரு தம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு மூச்சு வாங்கியதைப் பார்த்தார்கள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சம்மந்தி. ஒங்களப் பாத்துக்கவே ஒரு ஆள் வேண்டியிருக்கு. பிரசவம் எங்க வூட்டுலயே இருக்கட்டுமே" என்றார்கள்.

தன்மையாகத்தான் சொன்னார்கள். சண்டை போட ஒரு சொல்லும் கிடைக்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. என் ஒரே மகளின் பிள்ளையை விருந்தாளி மாதிரிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். அன்றிரவு முகத்தைச் சுவரோரம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

இதை மகள் சொல்லித்தான் சிதம்பரத்து டாக்டருக்குத் தெரியும். அவர் பூசி மெழுகவில்லை. கெட்ட நுரையீரல் கெட்டதுதான், பழையபடி ஆகாது என்றார். நான் எழுந்திருக்கப் போனேன். "இருங்கம்மா, முடிக்கல. ஒங்க நுரையீரலக் கெடுத்தது பொகை. காலக் கெடுத்தது நாற்காலி. கால மீட்டுக்கலாம்" என்றார். மருந்தை தினமும் இழுக்கவேண்டும், நடக்கவேண்டும், மூச்சு வாங்குகிறதே என்று பயந்து உட்காரக் கூடாது.

அங்கேயே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "மூக்கால இழுங்கம்மா. ஒதட்டக் குவிச்சு மெதுவா ஊதி விடுங்க, அடுப்பு ஊதுவீங்கள்ல, அந்த மாதிரி" என்றாள்.

"அத ஊதித்தாம்மா இங்க வந்து ஒக்காந்திருக்கேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அப்போதுதான்.

கடலூரில் காலையில் பீச் ரோடு பக்கம் நடக்க ஆரம்பித்தேன். முதல் நாள் கொஞ்சதூரம் போனதும் பின்னால் சத்தம் கேட்கிறதே என்று திரும்பினால், என் வீட்டுக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருகிறார். நடக்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

"என்னாங்க இது, மானம் போவுது" என்றேன்.

"நடுவுல முடியாம போச்சுன்னா?"

"நின்னு ஊதிட்டு நடப்பேன்."

"வுழுந்துட்டா?"

"வுழுந்தா தூக்குங்க. இதத் தூக்கறதுக்கு என்னைத் தூக்கலாம்ல."

மறுநாளும் கொண்டுவந்தார். அதற்கடுத்த வாரம் டீக்கடை வாசலில் போட்டு அதில் அவர் உட்கார்ந்துகொண்டார், நான் போய்விட்டு வந்தேன். பிறகு ஒரு நாள் வெறுங்கையோடு கூட நடந்தார். எனக்குச் சமமாக நடக்க அவருக்குத்தான் மூச்சு வாங்கியது. அதைச் சொல்லிக் காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை.

வளைகாப்பு சிதம்பரத்தில், சம்பந்தி வீட்டு மாடியில் நடந்தது. படியில் ஏறுகிறபோது பாதியில் நின்றேன். மேலே இருந்து சம்பந்தியம்மா பதறி இறங்கி வந்து கையை நீட்டினார்கள். "இருங்க சம்மந்தி. முடியாம நிக்கல, ஊதறதுக்கு நிக்கறேன்" என்று உதட்டைக் குவித்து ஊதினேன். ஏறிப் போய் மகளுக்கு முதல் வளையலை நான்தான் போட்டேன். சம்பந்தியம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பந்தி முடிந்ததும் மகளின் துணிப்பையை அவர்களே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்கள். "கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார்கள். வண்டியில் வருகிறபோது கடலூர் வரைக்கும் மகளின் கையை விடவே இல்லை நான்.

பேத்தி பிறந்து, தொப்புள் கொடி விழுந்த பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாளில் சம்பந்தியம்மா வந்திருந்தார்கள். மணையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பேத்தியைக் குப்புறப் போட்டுக்கொண்டேன். மகள் மொண்டு மொண்டு ஊற்றினாள். எனக்கு மூச்சு வாங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வாங்கியது. நிறுத்தி ஊதிவிட்டு மறுபடி தேய்த்தேன். குழந்தையை நழுவவிடாமல் என் கால் தாங்கியது.

துவட்டி எடுப்பதற்குள் சம்பந்தியம்மா கரி நெருப்பில் சாம்பிராணியைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். குளித்த பிள்ளையின் தலையைப் புகையில் காட்டுவதுதானே வழக்கம். வேண்டாம் என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் மனசு கோணினால் என்ன ஆகும் என்று எனக்கும் பயம்தான்.

"எம் புள்ளைங்க எல்லாம் சாம்பிராணி போட்டு வளந்ததுங்க தான் சம்மந்தி" என்றார்கள், முகம் சிறுத்து.

அவர்கள் கையைப் பிடித்து இழுத்து என் முதுகில் வைத்துக்கொண்டேன். உள்ளே கரகரவென்று ஓடுவது கைக்கே தெரியும். "இது பொகை சம்மந்தி. எத்தினி மருந்து இழுத்தாலும் இது போவாதாம்" என்றேன்.

நான் இரண்டு மூச்சு இழுத்து விடும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு நெருப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஈரம் காயாத பேத்தியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. சுத்தமா இருக்கு" என்றார்கள்.